மூன்றாந்தரம் கூப்பிடும் வரை

வல்வெட்டித்துறை
தாது வருடம், ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

என் கண்ணான மகன் தியாகலிங்கத்துக்கு அம்மா எழுதுவது,

அம்மன் காவலில் நானும் உன் ஐயாவும், பிள்ளைப்பேற்றுக்கு வந்து நிற்கிற உன் அக்கா நாகேஸ்வரியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று எழுத என் கை ஓடவில்லை, ஆனபடியால் அப்படி இருக்க வேண்டும் என்று அம்மனைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். எடின்பரோவில் இருந்து நீ போட்ட கடிதம் ஆடிப்பிறப்புக்கு முதல்நாள் வந்து சேர்ந்தது. கூழுக்குப் பயறு வறுத்துக்கொண்டு இருந்தவள் அடுப்படியிலேயே நின்று வாசித்தேன், பயறு கருகிப்போய் மறுநாள் கூழ் கைத்தது. ஐயா ஒரு சொல்லும் சொல்லாமல் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தார். உப்புக் கொஞ்சம் கூடினாலே பாய்மரத்தடியில் நின்று கத்துகிற மாதிரிக் கத்துகிற மனிதர், அவர் பேசாமல் குடித்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன், நான் விளங்கிக்கொண்டது சரியா என்று நீயே பார். மருத்துவப் படிப்பு விடுமுறைக்கு நீயும் கூட்டாளிமார் மூன்று பேரும், அதில் ஒருவனாகிய லியோனுடைய ஊரான சுவிற்சர்லாந்துக்குப் போய் மலை ஏறியிருக்கிறீர்கள். ஆள் உயரத்தைவிட நீளமான பலகையைக் காலில் கட்டிக்கொண்டு, பின்னுக்கு வழுக்காமல் இருக்க அதன் அடியில் கடல்நாயின் தோலை ஒட்டிக்கொண்டு ஏறுவதாம், மேலே போனதும் தோலை உரித்து மடித்துச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு வழுக்கி இறங்குவதாம். திருவிழாக் காலத்தில் மீன்சட்டி இருந்த பக்கமே வரமாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளை மிருகத்தோலை நெஞ்சில் அணைத்துக்கொண்டு நின்றதை நான் கோயில் ஐயருக்குச் சொல்லவில்லை, நீயும் வந்து சொல்லிவிடாதே. பனி என்றால் மார்கழியில் புல்லில் கிடக்கிற பனியைத்தான் எனக்குத் தெரியும். ஐஸ்கட்டியை ஒருதரம் யாழ்ப்பாணத்துச் சோடாக் கடையில் மரத்தூளுக்குள் இருந்து எடுத்துக் காட்டினார்கள், தொட்டுப் பார்த்தேன், குளிர் என்று நினைத்தால் சுட்டது, பிறகு விரல் எலும்புக்குள்ளே கடுத்தது. அதுவே ஒரு மலை முழுக்கக் கிடக்கிறது என்றால் அதற்கு மேலே ஏறி விளையாட உங்களுக்கு எப்படி மனம் வந்தது. வைகாசி மாதத்துப் பனி விடியற்காலையில் கல்லுப்போல இறுகிக் கிடக்கும், வெயில் ஏற ஏறக் குழைந்துவிடும், ஆகையால் மத்தியானத்துக்கு முன் இறங்கிவிட வேண்டும், அதுவும் ஒருவர் கீழே போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தவர் இறங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். சட்டம் இருந்தும் அன்றைக்கு லியோனின் பலகை வார் அறுந்து, அதைக் கட்டி முடிக்கிறதுக்குள் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. மற்ற இருவரும் போய்விட்டார்கள், பிறகு லியோன் இறங்கினான், அடுத்தது நீ. அதற்குள் மூடுபனிப் புகார் வந்து மூடி உன் பலகையின் நுனியே உனக்குத் தெரியவில்லை. கீழே இருந்து லியோன் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். கொஞ்சம் பொறுத்து இன்னொருதரம் கூப்பிட்டான். நீ பதில் சொல்லாமல் மூன்றாந்தரத்துக்குக் காத்துக்கொண்டு நின்றாய். அது வரவில்லை. புகார் விலகினபோது சரிவில் பனி உடைந்து இறங்கிக் கிடந்ததாம், அவனுடைய ஊன்றுகோல் ஒன்று மட்டும் மேலே தெரிந்ததாம். ஊரார் வந்து கிண்டிப் பார்த்தும் ஆள் அகப்படவில்லை, பனி கரைந்தால்தான் தெரியும் என்று விட்டுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய்.

நீ ஏன் வாய் திறக்கவில்லை என்று உன் கூட்டாளிமாருக்கு விளங்கவில்லை, பயத்தில் விறைத்துவிட்டாய் என்று நினைத்தார்களாம். எனக்கு விளங்கும். உச்சிப்பொழுதிலும் பொழுதுபட்ட பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஆள் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாந்தரம் கூப்பிடும் வரை ஏன் என்று கேட்கக்கூடாது என்று உன்னைப் பழக்கியவள் நான். கடலோடு போனவர்கள், கொள்ளி வைக்க உடம்பு கிடைக்காதவர்கள், அந்த நேரங்களில்தான் வேலிகளுக்கு நடுவே இருக்கிற ஒழுங்கைக்குள் வருவார்கள், இரண்டுதரத்துக்கு மேல் அவர்களால் கூப்பிட முடியாது, பதில் சொன்னவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று இந்த ஊரில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தான் வளர்க்கிறோம். கப்பலுக்கு ஆள் கொடுத்த வீடுகள் மிச்சம் இருக்கிறவர்களையாவது வைத்துக்கொள்ள வேண்டாமா. அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் ஐயா உன் கடிதத்தை வாசித்துவிட்டு, கடலிலை அப்பிடி இல்லையடி, முதல் சத்தத்துக்கே ஓய் எண்டு சொல்லோணும், மற்றச் சத்தத்துக்குப் பாத்துக்கொண்டு நிண்டால் ஆள் போயிடும் என்றார். ரங்கூனுக்கும் அக்கியாப்புக்கும் பாய்க்கப்பல் ஓட்டின தண்டையல் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். நீ படிக்க வேண்டும் என்று உன்னை ஒருநாளும் நாங்கள் கப்பலில் ஏற்றவில்லை, கரையில் இருக்கிற பெண்களின் பழக்கம் மட்டும்தான் உனக்குத் தெரியும், நீ போய் நின்ற இடமோ கடல் மாதிரியான இடமாக இருந்திருக்கிறது. நீ பதில் சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது மகனே. பிழைத்திருக்கமாட்டான் என்று எழுதி உன்னைத் தேற்றலாம், நீ நம்பமாட்டாய், நானும் அப்படிப் பொய் எழுதிப் பழகவில்லை.

என்னை உறங்கவிடாமல் செய்தது நீ கடைசியில் எழுதினதுதான். மத்தியானத்தில் படிக்கிற இடத்திலும் அவன் கூப்பிடுகிறான், இரண்டுதரத்தோடு நின்றுவிடுகிறான், ஆவணியில் பனி கரையும்போது நான் தனியாக அந்தச் சரிவுக்குப் போய் நிற்கப்போகிறேன், அங்கே நின்றால் மூன்றாந்தரமும் கூப்பிடுவான், அப்போது பதில் சொல்லுவேன் என்று எழுதியிருக்கிறாய். மருத்துவம் படிக்கிற பிள்ளை எழுதுகிற எழுத்தா இது. கூப்பிடுகிற இடத்துக்கு ஆளே நடந்து போனால் பிறகு மூன்றாந்தரம் எதற்கு. நீ அங்கே போனால் திரும்பி வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்காதே, பெற்றவளுக்குத் தெரியும்.

இனி எழுதப்போவதை நம்பினால் நம்பு. கடிதம் வந்து இரண்டொரு நாள் கழித்து, மத்தியானம், நாகேஸ்வரி மிளகாய் காயப் போட்டுவிட்டு வந்தவள், அம்மா, வேலிப் படலையடியிலை ஆரோ தம்பியைக் கூப்பிடினம் என்றாள். யாரடி என்றேன். ஆரோ தெரியாது, தியாகூ எண்டு இழுக்கினம், எங்கடை ஆக்கள் கூப்பிடுற மாதிரி இல்லை என்றாள். என் கையில் இருந்த சுளகு விழுந்துவிட்டது. உன் வீட்டுப் பேரைச் சொல்லிக் கொடுத்தபோது லியோனுக்கு நாக்கு வளையாமல் தியாகூ என்று கடைசியை நீட்டுவான் என்று நீ போன தை மாதம் சிரித்துச் சிரித்து எழுதியிருந்தாய், அவள் அப்போது யாழ்ப்பாணத்தில் புருஷன் வீட்டில் இருந்தாள், அதை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. போய்ப் பார்த்தால் ஒழுங்கையில் ஒரு காகமும் இல்லை. அடுத்த நாள் எனக்கும் கேட்டது. இளம் பிள்ளையின் குரல், பயந்த குரல்கூட இல்லை, வழியில் முன்னுக்குப் போனவன் பின்னால் வருகிறவனைக் கூப்பிடுகிற குரல். இரண்டுதரம். நான் வாயைத் திறக்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி வீட்டில் இருக்கிறாள் என்று படலையில் வேப்பிலை கட்டினேன், திருநீறு போட்டேன். நாகேஸ்வரி தன் புருஷன் வீட்டு அயலில் இருக்கிற குருநகர் யோசப்பினுக்குச் சொல்லி அனுப்பி, லியோனும் வேதக்காரப் பிள்ளைதானே என்று மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றுவித்தாள். திரி எரிந்த அன்றைக்கும் கேட்டது.

ஐயாவுக்குச் சொன்னேன், சோளகக் காத்திலை ஓலை உரஞ்சுது, உனக்கு விசர் என்று விட்டுவிட்டார். பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது அவருக்கும் கேட்டது. முதல் சத்தத்துக்கே கையில் பிடித்த சோற்றோடு எழும்பி, ஓய் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டார், பழகின வாய். நான் பாய்ந்து அந்த வாயைப் பொத்தினேன். கலியாணம் கட்டின நாளில் இருந்து பொத்த வேண்டும் என்று நினைத்தது எத்தனையோ தரம், பொத்தினது அன்றைக்குத்தான். இரண்டாஞ் சத்தம் என் கை அவர் வாயில் இருக்கும்போதே கேட்டது. கையை எடுத்ததும் அவர் சொன்னது, காத்துத் தெற்காலை வீசுது, சத்தம் வடக்காலை வந்தது, காத்துக்கு எதிர்த்து ஒரு மனிசக் குரல் அவ்வளவு துலக்கமாய் வராது. அதைச் சொல்லிவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிடாமல் இருந்தார்.

அன்றைக்கு முழுக்க யோசித்தேன். இந்தப் பழக்கம் செத்தவர்களுக்காக உண்டான பழக்கம். லியோன் உன்னைக் கூப்பிட்டபோது உயிரோடு நின்று கூப்பிட்டான். உயிரோடு கூப்பிட்டவனுக்குப் பதிலாக ஒரு ஓம் கிடைக்காமல் போய்விட்டது, அவன் அதைத்தான் தேடிக்கொண்டு திரிகிறான், நீ இருந்த வீடு எது என்று விசாரித்துக்கொண்டு இவ்வளவு தூரமும் வந்திருக்கிறான். அவன் மூன்றாந்தரம் கூப்பிடப்போவதில்லை. உனக்காக எத்தனை வருஷமும் இரண்டுதரம் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான், நீயும் மூன்றாவதுக்குக் காத்துக்கொண்டே இருப்பாய், கடைசியில் நீதான் போவாய். அதை நான் விடமாட்டேன். போன செவ்வாய்க்கிழமை நாகேஸ்வரியை அம்மன் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, ஐயாவை வாசலோடு இருக்கச் சொல்லிவிட்டு, படலையடியில் போய் நின்றேன். கூப்பிட்டான். படலையைத் திறந்தேன். இரண்டாந்தரமும் கூப்பிட்டான், ஒரு முழத் தூரத்தில் நின்று கூப்பிடுகிற மாதிரி. ஓம் மோனை, வாறன் என்று சொன்னேன். உனக்குப் பதிலாகச் சொன்னேன், உன் தாயாகச் சொன்னேன், அவனுக்கும் ஒரு தாய் மாதிரித்தான் சொன்னேன். யாரும் நிற்கவில்லை, ஒழுங்கை வெயிலில் வெள்ளையாய்க் கிடந்தது. ஆனால் ஆடி வெயிலில் கால் வைக்க முடியாத அந்த மணல் என் உள்ளங்காலில் கடுத்தது, சோடாக் கடையில் விரல் கடுத்த அதே கடுப்பு. அழுகை வந்தது, நின்று அழுதேன், முகம் தெரியாத ஒரு பிள்ளைக்காக அப்படி அழுவேன் என்று நினைக்கவில்லை. ஐயா வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார், காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசினார். அதற்குப் பிறகு இன்றுவரை படலையில் சத்தம் இல்லை. உனக்கும் இல்லாமல் போயிருக்க வேண்டும், அதை மறுதபாலில் எழுது.

ஆகையால் மகனே, அந்தச் சரிவுக்குப் போகாதே. அங்கே உன்னைக் கூப்பிட இனி யாரும் இல்லை. போகத்தான் வேண்டும் என்றால் மலைக்குக் கீழே அவனுடைய தாய் இருக்கிற வீட்டுக்குப் போ. அந்த மனுசியின் முகத்தைப் பார்க்கப் பயந்து இன்னும் போகவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய், அது சரியில்லை. அவன் கடைசியில் யாரைக் கூப்பிட்டான் என்று கேட்பாள், எந்தத் தாயும் அதைத்தான் கேட்பாள். உள்ளதைச் சொல்லு. திட்டினால் கேட்டுக்கொண்டு இரு, அடித்தால் வாங்கிக்கொள், சோறோ றொட்டியோ தந்தால் சாப்பிடாமல் எழும்பாதே. பலகையையும் தோலையும் யாருக்காவது கொடுத்துவிடு. சளி பிடித்தால் கொத்தமல்லி அவித்துக் குடி, இதோடு அனுப்புகிற பார்சலில் ஒடியலும் எள்ளுப்பாவும் வறுத்த கொத்தமல்லியும் வைத்திருக்கிறேன், கூட்டாளிமாருக்கும் கொடு. எனக்குக் கொஞ்சம் இருமல் இருக்கிறது, காலில் குளிர் இன்னும் முழுக்க விடவில்லை, நாகேஸ்வரியின் பிள்ளையைப் பார்க்கும் வரை எனக்கு ஒன்றும் ஆகாது, ஆகவிடவும் மாட்டேன், நீ அதை நினைத்துப் பரீட்சையை விடாதே. வாறன் என்று சொல்லிவிட்டேன்தான், எப்போது என்று சொல்லவில்லை.

அம்மன் உன்னைக் கண்ணிமை போலக் காக்கட்டும், நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு நல்ல வைத்தியனாய் வந்து இந்த ஊரார் கையைப் பிடித்துப் பார்ப்பாயாக. ஐயா தன்னுடைய ஆசீர்வாதத்தையும் எழுதச் சொன்னார், அக்கா அன்பைச் சொன்னாள். கடைசியாக ஒன்று, இதை மறக்காதே. இனி யார் கூப்பிட்டாலும், எந்த நேரத்திலும், முதல் சத்தத்துக்கே ஓம் என்று சொல்லு. ஒரு குரலுக்கு மட்டும் பழைய பழக்கத்தை வைத்துக்கொள். என்றைக்காவது மத்தியானத்தில், அந்த ஊரில், என் குரல் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால், மூன்றாந்தரம் கூப்பிடும் வரை பொறு. நான் இரண்டோடு நிறுத்திக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
ஆழ்வாப்பிள்ளை ஞானாம்பிகை