அண்ணை சொல்லாத செய்தி

அண்ணை,

இன்று காலை கொட்டிலைத் திறந்தேன். பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிட்ட சின்ன வெங்காயத்தின் மணம் முகத்தில் அடித்தது. உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. கொழும்பிலிருந்து வந்தால், பையை இறக்கி வைக்க முன்னமே இந்தக் கொட்டிலுக்குள் நின்று மூச்சை இழுப்பீர்கள். "அமைச்சிலை இந்த வாசம் இல்லை, பிள்ளை" என்பீர்கள். "அப்ப அங்கை என்னத்துக்குக் கிடக்கிறியள்? வந்து தோட்டத்துக்குத் தண்ணி இறையுங்கோ" என்பேன் நான்.

அரசாங்கத்துக்கே பொருளாதார ஆலோசனை சொல்கிறவரின் தங்கச்சி என்று அச்சுவேலிச் சந்தையில் எனக்குத் தனி மரியாதை. அரசாங்கங்கள் மாறின, ஆனால் எல்லோரும் உங்களைத்தான் கூப்பிட்டார்கள். அந்த ஆலோசனையில் எனக்கு ஒரு சொல்லாவது கிடைத்ததா?

ஒரு வருசம் அறுவடை முடிந்து கொட்டில் நிறைந்திருந்தது. வெளிநாட்டு வெங்காயம் வந்து இறங்கினால் விலை விழும். இறங்காவிட்டால் வைத்திருந்து நல்ல விலைக்கு விற்கலாம். மகளின் கலியாணமே அந்த வெங்காயத்தை நம்பித்தான் இருந்தது. உங்களுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, இறக்குமதியைத் திறக்கப் போறாங்களோ? ஓம், இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

"எனக்குத் தெரியும், பிள்ளை. ஆனா உனக்கு மட்டும் சொல்லமாட்டன்."

"நான் என்ன பிறத்தியோ?"

"நீ என்ரை தங்கச்சி. அதாலைதான்."

விற்காமல் வைத்திருந்தேன். கப்பல் வந்தது, விலை படுத்துவிட்டது; வாங்க ஆளில்லாமல் வெங்காயம் கொட்டிலிலேயே அழுகியது. கலியாணத்தை ஆவணிக்குத் தள்ளிவைத்தோம். அடுத்த முறை நீங்கள் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சோற்றைப் போட்டேன். நீங்களோ சமாதானம் சொல்லாமல், "கறிக்கு உப்புக் காணாது" என்றீர்கள். "அதையும் அரசாங்கத்திட்டையே கேளுங்கோ" என்றேன். இப்போது நினைத்தாலும் நான் அப்படிச் சொன்னது சரிதான்.

பிறகுதான் அமைச்சில் சண்டை பிடித்து, இறக்குமதியை எப்போது திறப்பார்கள் என்பதை நடுகைக்கு முன்னமே வானொலியில் எல்லோருக்கும் அறிவிக்க வைத்தீர்கள். ஊர் நம்பி நட்டது. எங்களுக்கு நல்ல விலையும் கிடைத்தது. ஊர் ஏன் நம்பியது என்பது மட்டும் எனக்கு உங்கள் செத்தவீட்டில்தான் தெரிந்தது. பக்கத்துத் தோட்டத்துச் சிவராசா அண்ணை பந்தலுக்குள் என் பக்கத்தில் வந்திருந்து சொன்னார்:

"உன்ரை அண்ணர் உனக்கும் சொல்லேல்லை, நீயும் எங்களோடை சேந்து நட்டப்பட்டாய். அதைக் கண்டாப்பிறகுதான் பிள்ளை, றேடியோவிலை சொன்னதை நம்பி நட்டனாங்கள்."

விம்மி விம்மி அழுதேன், அண்ணை. கோபமும் வந்தது. என் வெங்காயத்தை அழுகவிட்டல்லவோ உங்கள் சொல்லுக்கு ஊரில் மதிப்பு வந்தது! ஆனால் அன்றைக்குப் போல் உங்களை நினைத்து நான் ஒருநாளும் பெருமைப்பட்டதில்லை.

இப்போது விவசாயிகள் சங்கத்துக்கு நான்தான் தலைவி. மானிய விதை வெங்காயம் எந்த நாள் கொடுபடும் என்று நேற்று மகள் வந்து காதுக்குள் கேட்டாள். "கூட்டத்திலை சொல்லுவன், எல்லாரோடையும் வந்திருந்து கேள்" என்றேன். "நீங்களும் ஒரு தாயோ?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

என்னையும் உங்களைப் போல ஆக்கிவிட்டீர்கள். நன்றி, அண்ணை.