கண்ணோரம் மூன்று கோடுகள்

நாள் 1 | 09:10
இதைக் கண்டெடுப்பவருக்கு. நான் சுகிர்தா, தோல் ஆய்வாளர், வயது நாற்பத்தொன்பது. இந்தச் சுற்றுப்பாதை ஆய்வுக்கூடத்தில் தனி ஆள். சுருக்கம் போக்கும் புதிய க்ரீம் ஒன்றைச் சோதிக்க வந்திருக்கிறேன். எடையில்லாத இடத்தில் தோல் நன்றாகத் தடித்து வளர்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு தூரம்.

தபால்தலை அளவில் இரண்டு தோல் துண்டுகள், இடது, வலது. செல்கள் கிளாட்வினின் கண்ணோரத்திலிருந்து எடுத்தவை. கிளாட்வின் என் கணவர். இறந்து நான்கு வருடம் ஆகிறது. பூமியில் உறையவைத்திருந்த மீதிச் செல்கள் ஒரு மின்தடையில் கெட்டுப்போயின. அவரில் இன்னும் உயிரோடு இருப்பது இவ்வளவுதான்.

துண்டுகள் சட்டத்தில் மாட்டப்பட்டுள்ளன. நிமிடத்துக்கு ஒரு முறை சட்டம் தோலை இழுத்து மடக்கும். அவர் சிரிக்கும் வீடியோவிலிருந்து எடுத்த அசைவு. சிரித்துச் சிரித்து அவருக்கு விழுந்த அதே மூன்று கோடுகள் இரண்டிலும் விழுந்துவிட்டன.

நாள் 2 | 10:00
மருந்தின் பெயரில்லாத இரண்டு வெள்ளைக் குழாய்கள், மேலே அ, ஆ என்று மட்டும். ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் க்ரீம். எது எதுவென்று பூமியில் உறையிட்டு வைத்திருக்கிறார்கள். சோதிப்பவர் கண் ஏமாற்றக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. இடதுக்கு அ, வலதுக்கு ஆ.

தொண்ணூறாம் நாள் உறை திறப்பார்கள். மருந்து பூசியதை அறுத்துச் சோதிப்பார்கள். வெறும் க்ரீம் பூசியதை நான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அந்த ஒரு நிபந்தனையில்தான் சம்மதித்தேன்.

தரைநிலையத்திலிருந்து என் உதவியாளர் ஜெபராணி: "அக்கா, சாப்ட்டீங்களா? அத்தான் எப்படி இருக்காங்க?"
ரெண்டு பேரா சிரிச்சிட்டு இருக்காருன்னு பதில் அனுப்பினேன்.

நாள் 8 | 11:20
இடது: கோடுகளின் ஆழம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. பளபளப்பு. வலது: சிவப்பு, லேசாக உரிகிறது, கோடுகள் முன்பைவிடத் தெளிவு.

உறை எதற்கு? அ-தான் மருந்து. அவர் சிரிப்பை என் கையாலேயே அழித்துக்கொண்டிருக்கிறேன். அழுதேன். இங்கே கண்ணீர் கீழே விழாது, கண்ணிலேயே உருண்டையாக ஒட்டிக்கொள்கிறது.

நாள் 9 | 10:05
அ குழாயை மூடிவிட்டேன். இரண்டுக்கும் ஆ பூசினேன். அலுவலகப் பதிவில் வழக்கம்போல் எழுதினேன். இருபத்திரண்டு வருட வேலையில் என் முதல் பொய்.

நாள் 15 | 10:10
இடதில் கோடுகள் திரும்பிவிட்டன. மூன்றும். சந்தோஷத்தில் கட்டியணைக்க ஆளில்லை.
இடதும் இப்போது சிவந்து உரிகிறது. துண்டுகள் ஊறும் ஊட்டநீரில் கோளாறு இருக்கும். மாற்றினேன்.

நாள் 41 | 10:00
இரண்டிலும் கோடுகள் மங்குகின்றன. இரண்டு முறை அளந்தேன். கருவி சரியாகத்தான் இருக்கிறது.

நாள் 46 | 12:30
கோடு ஒன்றுகூட இல்லை. இருபது வயதுத் தோல். அந்த வயதில் அவரை எனக்குத் தெரியாது.
செய்ததையெல்லாம் தரைநிலையத்துக்கு எழுதினேன். உறையைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். பூசுவதை நிறுத்திவிட்டேன்.

நாள் 48 | 09:40
ஜெபராணி: "அக்கா, உறையத் திறந்துட்டாங்க. ஆ-தான் மருந்து. அ வெறும் க்ரீம், தண்ணியப் புடிச்சு வைக்கும், அவ்ளோதான். உங்களுக்கு நான் சொல்லணுமாக்கா?"

சொல்ல வேண்டாம். விற்பனைப் பெண்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். முதல் வாரப் பளபளப்பை நம்பாதீர்கள், மேல்தோல் தண்ணீரில் உப்பியிருக்கிறது, நிறுத்தினால் போய்விடும். உண்மையான மருந்து முதலில் சிவக்கவைக்கும், உரிக்கும், பிறகுதான் அடியில் புது நார் பின்னும். வருடத்துக்கு நான்கு வகுப்பு. ஒருநாள்கூட நினைவுக்கு வரவில்லை.

நாள் 53 | 10:00
இந்த மருந்து செல்களை வேகமாகப் பிளக்கவைத்து நார் பின்னச் செய்கிறது. ஒரு செல் இத்தனை முறைதான் பிளக்கும் என்று கணக்குண்டு. கண்ணோரத்தில் அவர் பத்து வருடம் வாழ்ந்திருக்க வேண்டியதை ஒரு மாதத்தில் தீர்த்துவிட்டேன். இரண்டு துண்டும் காகிதமாக மெலிகின்றன.

நாள் 57 | 11:15
வலது கிழிந்தது. செல் அசைவு இல்லை.

நாள் 58 | 10:50
இடதும்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். தோலுக்குக் காது ஏது.

நாள் 59 | 09:30
ஜெபராணி: "அக்கா, சட்டத்த ஆஃப் பண்ணிரச் சொல்றாங்க. கரண்ட் வீணாப் போகுதாம். அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

நாள் 59 | 16:00
நிறுத்தவில்லை. வெறும் சட்டம் நிமிடத்துக்கு ஒரு முறை சிரிக்கிறது.

நாள் 60 | 09:05
என் இடது மணிக்கட்டின் தோலைச் சட்டத்தின் கவ்விகளில் மாட்டினேன். இழுத்தது, விட்டது. வலி பொறுக்கக்கூடியதுதான். ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது முறை. கோடு விழ மூன்று வாரமாகும். வலது கை சும்மா இருக்கிறது, அதனால் எழுத முடிகிறது. க்ரீம் குழாய்கள் இரண்டையும் குப்பையில் போட்டுவிட்டேன். என்னைக் கூப்பிட வேண்டாம்.