எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு

ஆரணி,
ஆகஸ்ட் 2005

அன்புள்ள சூர்யகலாவுக்கு,

மாணிக்கவேல் எழுதுவது. நானும் காவ்யாவும் நன்றாக இருக்கிறோம். பிரிஸ்பேனில் குளிர் விட்டதா? இதை மெயிலில் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் கல்லூரி சர்வரைப் பார்த்துக்கொள்பவன் நான். அதில் வருவதை யார் யார் படிக்க முடியும் என்று தெரிந்தவனுக்கு வீட்டு விஷயத்தை அதில் எழுதக் கை வரவில்லை.

காவ்யாவுக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது, பள்ளிக்குப் போகிறாள். தலை பின்னக் கற்றுக்கொண்டேன். அம்மா மாதிரி வரவில்லை, வகிடு கோணலாக இருக்கிறதென்று திட்டுகிறாள். தெருவில் எல்லோரும் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பவர் குறைவு.

உன் ஆய்வுக் கட்டுரை வந்தது. பிரின்சிபாலுக்கும் ஒன்று அனுப்பியிருந்தாய். அவர் அதைப் படிக்காமலே, ஆசிரியர்கள் கூட்டத்தில் என்னை விளக்கச் சொல்லிவிட்டார். முதல்நாள் உட்கார்ந்து முழுதும் படித்தேன். நம் ஊர்ப் பட்டுக் கடைகளில் முதலாளி, கணக்கர், விற்பனையாள் மூவருக்கும் கடைக் கம்ப்யூட்டரில் ஒரே பாஸ்வேர்டு. அது அவர்கள் அலட்சியம் இல்லை, வேலை அப்படி நடக்கிறது, ஆளுக்கொன்று கொடுக்காத நிர்வாகத்தின் தவறு, ஏதாவது நடந்தால் பழி கடைசி ஆள்மேல் விழும் என்று எழுதியிருக்கிறாய்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். பட்டு வியாபாரிகளுக்கு நன்றி. தினமும் விவாதித்துத் தெளிவாக்கிய சக ஆய்வாளர் சுதாகருக்கு நன்றி. என் பெயரைத் தேடினேன், இல்லை. அந்தக் கடைக்காரர்கள் உன்னிடம் வாய் திறக்காதபோது, நம்ம வீட்டுப் பொண்ணுதான், பேசுங்க என்று சொன்னவன் யார், சூர்யா? பிரிஸ்பேனில் அந்த ஆராய்ச்சி இடத்துக்கு நாம் இருவரும்தான் விண்ணப்பித்தோம். உனக்குக் கிடைத்தது. அது போகட்டும்.

போகட்டும் என்று எழுதிவிட்டேன், ஆனால் போகவில்லை. மறுநாள் கூட்டத்தில் உன் கட்டுரையை வாயாலேயே கிழித்தேன். சின்ன ஊர், சின்ன ஆய்வு, ஆட்களைக் கண்டித்து வைத்தால் போதும், இதற்கெல்லாம் ஆராய்ச்சி எதற்கு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது சுகமாக இருந்தது.

அடுத்த வாரமே, கல்லூரிக் கம்ப்யூட்டரில் இருக்கும் தேர்வு மதிப்பெண் பதிவில் யாரோ கை வைத்திருப்பது தெரிந்தது. சில மாணவர்களுக்கு மார்க் ஏறியிருந்தது. அதில் ஒருவன் தீனா, நம் லேப் உதவியாளர் திலகவதியின் அக்கா மகன். பெரணமல்லூரிலிருந்து பஸ் பிடித்து வருமே, அந்தப் பெண்தான். அவள்தான் ஏற்றிவிட்டாள் என்று, வேலையை விட்டு எடுப்பதாகப் பிரின்சிபால் அவளுக்கு மெமோ கொடுத்துவிட்டார். அவள் என் மேஜை முன் நின்று, நான் தொடவே இல்ல சார், அந்தப் பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியும் சார் என்று அழுதுகினு இருந்தாள்.

அது உண்மை. ஒன்றே போதும் என்று பிரின்சிபால் போட்ட உத்தரவு. அலுவலகம், லேப், நான் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் அறைக்குப் போய், இத்தனை பேருக்குத் தெரிந்த ஒன்றை வைத்து ஒருத்தியைப் பிடிக்க முடியாது என்றேன். அன்னிக்கு நீங்கதானே மாணிக்கவேல் கண்டிச்சா போதும்னீங்க என்று கேட்டார். என் மேஜைக்குப் போய் உன் கட்டுரையை எடுத்து வந்தேன். பிறகு, அன்று நான் சொன்னது பொறாமையில் சொன்னது, கட்டுரைதான் சரி என்று சொல்லி, நீ எழுதிய அந்தப் பக்கத்தை அவர்முன் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். யார் செய்தது என்று இன்னும் தெரியவில்லை. இப்போது ஆளுக்கொரு பாஸ்வேர்டு.

கதவுக்கு வெளியே எல்லாவற்றையும் கேட்டபடி காத்திருந்த திலகவதி என்ன சொன்னாள் தெரியுமா? சூர்யா அக்காவுக்கு ரொம்ப தேங்க்ஸ்னு சொல்லுங்க சார் என்றாள். உள்ளே போய் அவமானப்பட்டு வந்தவன் நான். நன்றி உனக்கு. சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இதோ சொல்லிவிட்டேன்.

அங்கே இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று போனில் சொன்னாய். யோசிக்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். இருந்து முடித்துவிட்டு வா. காவ்யாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்றுதான் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது காஸ் வந்ததா, பால்காரர் வந்தாரா என்று கேட்டு முடித்துவிடாதே. அங்கே இப்போது என்ன படிக்கிறாய், எது பிடிபடவில்லை, எதில் சண்டை என்று சுதாகரிடம் சொல்வதில் கொஞ்சம் என்னிடமும் சொல். எனக்கும் அது புரியும், சூர்யா.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ எடுத்த காரியம் நல்லபடி முடியட்டும்.

உன்
மாணிக்கவேல்