பெயர் வெட்டாத நகை

வெள்ளிக்கிழமை, இரவு

விவாகரத்துக்கு முன் வீட்டுப் பொருள்களைப் பிரிக்க என் புருஷனின் வக்கீல் அவன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். அவன் ஒவ்வொரு பாத்திரமாகத் திருப்பி, வெட்டியிருந்த பெயரைப் படித்துப் பிரித்தான். கரண்டியைக்கூட விடவில்லை. பெயர் இல்லாதது எங்கள் கல்யாண ஆல்பம் மட்டும்தான்.

“இந்தக் குப்பைய நீயே வச்சுக்கோ” என்று என் பக்கம் தள்ளினான்.

“என் நகைய வித்துத்தான உப்பளம் வாங்குனிய. அதுல என் பங்கு எங்க?” என்றேன்.

“பத்திரம் என் பேர்ல இருக்கு. நகை நகைனு சொல்லுதியே, ஏளா, எந்த நகையில உன் பேரு வெட்டியிருந்துச்சு?”

அவன் வக்கீலும் சேர்ந்து சிரித்தார்.

பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து ஆல்பத்தைப் புரட்டினேன். விற்ற நகை அத்தனையும் என் கழுத்திலும் கையிலும் கிடக்கிறது. பக்கத்தில் அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். திங்கட்கிழமை கோர்ட்டில் இந்தக் குப்பையைத்தான் ஜட்ஜ் மேஜையில் வைக்கப்போகிறேன்.