அண்ணன் வரைந்த படங்களுக்கு வைத்த பொட்டு

சரஸ்வதி பூஜை, 1994. இரவு.

காலையில் அண்ணன் டில்லியிலிருந்து வந்து இறங்குகிறார். 

சிறு வயதில் அவர் பேனா மையால் வரைந்த படங்கள் இத்தனை வருடமாக என் பீரோவில்தான் இருந்தன. இப்போது அவர் வரைவதே இல்லை. கலைக்கு யோசனை போதும், படமே வேண்டாம் என்று இந்த நாட்டில் முதலில் சொன்னவர் அவர்தானாம். வெறும் நாற்காலியை வைத்துக் கண்காட்சி நடத்துகிறார். இருந்தும் இந்தப் படங்களை ஊரே பார்க்கக் கேட்கிறது. எடுத்துப்போகத்தான் வருகிறார்.

அவருடைய வித்தையாயிற்றே என்று நான்தான் புத்தகங்களோடு பூஜையில் வைத்தேன். குளித்துவிட்டு வந்தால், என் மனைவி சாந்தாமணி ஒவ்வொரு படத்தின் நடுவிலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்திருந்தாள்.

"என்ன அம்மணி இப்படிச் செஞ்சுபோட்டே?"

"பூசைக்கு வெச்சதுக்குப் பொட்டு வெக்காம உடலாமுங்களா?"

துடைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குத்தானுங்க எடுக்கோணும். இன்னைக்குத் தொட்டா சாமி குத்தமுங்க."

சாயங்காலம் வழியில் ஏதோ ஸ்டேஷனிலிருந்து அண்ணன் போன் செய்தார். "படமெல்லாம் பத்திரமா இருக்குதாடா?"

"சாமி ரூம்ல இருக்குதுங்கண்ணா" என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அவள் தூங்கியதும் ஒரே ஒரு படத்தை எடுத்து ஈரத்துணியால் துடைத்தேன். சிறுவனாக நான் கிணற்றில் குதிக்கிற படம் அது. மைதான் துணியோடு வந்துவிட்டது. பொட்டின் கறை அப்படியே இருக்கிறது. கிணறு பாதி இருக்கிறது. நான் இல்லை.