புடலை விதைப் பொட்டலம்

கூத்தப்பாக்கம், கடலூர்
16-2-2025

அன்புள்ள இளமதிக்கு,

அண்ணி அமராவதி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் சௌக்கியம். சிதம்பரத்தில் நீயும் அறிவழகன் தம்பியும் எப்படி இருக்கிறீர்கள்?

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. உன் அண்ணன்தான், "லெட்டர் எழுதிப் போடேன், அத ப்ளாக் பண்ண முடியாதில்ல" என்று சிரித்தார். அதனால் எழுதுகிறேன்.

மாசி பிறந்துவிட்டது. தோட்டத்தைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. தையிலேயே வந்து மல்லியைக் கவாத்து பண்ணிவிட்டுப் போவாய், இந்த வருஷம் அது புதராகிக் கிடக்கிறது. முருங்கையை வெட்டாததால் கம்பளிப்பூச்சி சுவரெல்லாம் ஏறுகிறது. புயலில் சாய்ந்த புடலைப் பந்தல் சாய்ந்தபடியே இருக்கிறது. நம் வீட்டில் மாசி விதை போடுவது எப்போதும் நீதானே? விதை டப்பாவும் உன்னிடம்தான் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போயேன்.

வெண்மதிக்கு ஐந்தாம் மாதம். இங்கேதான் வந்து இருக்கிறாள். எதுவும் இறங்குவதில்லை, நம் வீட்டுப் புடலங்காய்க் கூட்டு வேண்டும் என்கிறாள். சித்திரைக் கடைசியில் வளைகாப்பு. அதற்குள் பந்தலில் நாலு காயாவது தொங்க வேண்டும் என்பது அவள் ஆசை.

வெண்மதி கல்யாணத்தில் நடந்ததை இன்னுமா மனதில் வைத்திருக்கிறாய்? ஆயிரம் வேலைக்கு நடுவே வாய் தவறி வந்த வார்த்தை அது.

அன்புடன்,
அண்ணி அமராவதி


மாரியப்பா நகர், சிதம்பரம்
22-2-2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நாங்கள் நலம்.

உங்கள் வாய் தவறவில்லை. மண்டபத்தில் ஐந்து பாலிகைச் சட்டி வரிசையாக இருந்தது. அதில் தெளிக்கிற நவதானியம் நன்றாக முளைத்தால்தான் பொண்ணு மாப்பிள்ளை நல்லா இருப்பாங்க என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். தானியக் கிண்ணம் என் கைக்கு வந்தது. ஸ்ரீமுஷ்ணத்துச் சம்பந்திக் கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் அதைப் பிடுங்கினீர்கள். "நீ இருடி. புள்ள பெத்தவங்க போடட்டும், மொளைக்கணுமில்ல" என்றீர்கள். ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வெண்மதிக்கு மூன்று வயது வரை தலை வாரிவிட்ட கை அது.

உங்கள் புடலைக்கு ஆகிற கை, உங்கள் பெண்ணின் பாலிகைக்கு ஆகவில்லை. ஆகவே நான் வரவில்லை. ஆனால் வெண்மதி கேட்டிருக்கிறாள். புடலை, பாகல், வெண்டை மூன்றும் தனித்தனிப் பொட்டலமாக இதோடு அனுப்புகிறேன்.

முதலில் முருங்கையை ஆள் உயரத்துக்கு விட்டு வெட்டச் சொல்லுங்கள். மண்ணைக் கொத்தி நாலு நாள் வெயில் காயவிட்டு, ஆட்டெரு கலந்து பாத்தி கட்டுங்கள். மல்லியை இனி வெட்டாதீர்கள், மொட்டு வருகிற நேரம். பந்தலுக்குப் புதுக் கயிறு வாங்குங்கள். எதை வேண்டுமானாலும் ஆள் வைத்துச் செய்யலாம், விதையை மட்டும் நீங்களே போட வேண்டும். பிள்ளை பெற்ற கை அல்லவா, நன்றாக முளைக்கும்.

இப்படிக்கு,
இளமதி


கூத்தப்பாக்கம், கடலூர்
16-3-2025

அன்புள்ள இளமதி,

நீ எழுதியதைப் படித்து உன் அண்ணன் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அதை விடு.

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். கொத்தினேன், காயவிட்டேன், எரு போட்டேன். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு நானே விதை போட்டேன். பதினாறு நாள் ஆகிறது. ஒன்றுகூட முளைக்கவில்லை. வெண்டைகூட வரவில்லை. பக்கத்து வீட்டு அமிர்தம் எனக்குப் பிறகு போட்டாள், அவள் வீட்டில் நாலு இலை விட்டாயிற்று. விரலால் தோண்டிப் பார்த்தேன். போட்ட விதை போட்ட மாதிரியே கிடக்கிறது.

நேற்று ஸ்ரீமுஷ்ணத்து சம்பந்தியம்மா வந்தார்கள். மொட்டைப் பாத்தியைப் பார்த்துவிட்டு, "யாரு வெத போட்டது? நீங்களா? புள்ளத்தாச்சி இருக்கற வூட்ல வெத மொளைக்காம போவலாமா?" என்றார்கள். வெண்மதி காதில் விழுந்துவிட்டது. அதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியும் நம்பமாட்டேன் என்கிறாள்.

நான் என்ன தப்பு செய்தேன்? தெரிந்தால் சொல்லு.

அமராவதி


மாரியப்பா நகர், சிதம்பரம்
21-3-2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை.

விதை போன வருஷம் உங்கள் பந்தலில் காய்த்தது. மண் பதினாறு வருஷமாக நான் கொத்திய மண். உப்புத் தண்ணீர்தான் என்றாலும் எனக்கு அதில்தான் முளைத்தது. இந்த வருஷம் மாறியது கை மட்டும். நானாக ஒன்றும் சொல்லவில்லை, நீங்கள் ஊரைக் கூட்டி வைத்துச் சொன்ன கணக்கைத்தான் போட்டுப் பார்க்கிறேன்.

இளமதி


கூத்தப்பாக்கம், கடலூர்
2-4-2025

இளமதி,

நீ எழுதியதுதான் சரி. நானும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

வளைகாப்பில் வெண்மதிக்கு முதல் வளையலை நீ போடு. சந்தனமும் நீயே பூசு. நான் சமையல்காரர்களோடு பின்கட்டில் இருந்துகொள்கிறேன். கேட்டால் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம். என் கை எனக்கே பயமாக இருக்கிறது. இப்போதெல்லாம் அவளுக்கு எண்ணெய் தேய்ப்பதில்லை, தலை வாருவதில்லை. நேற்று, "அம்மா, ஒதைக்குதும்மா, கை வச்சுப் பாரேன்" என்று ஆசையாகக் கூப்பிட்டாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். பால் இல்லை. அடுப்படியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் நீ அன்றைக்கு மண்டபத்தில் நின்றது கண்ணில் வந்தது. அதுவரை அதை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

உன்னைவிட மூத்தவள். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள். வெண்மதிக்காக வா.

அமராவதி


மாரியப்பா நகர், சிதம்பரம்
7-4-2025

அண்ணிக்கு,

அந்த விதையை நான் வறுத்தேன்.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்று சாயங்காலம், தோசைக்கல்லில், எண்ணெய் இல்லாமல், சின்னத் தீயில். நிறம் மாறிவிடக் கூடாது என்று பக்கத்திலேயே நின்று கையால் புரட்டினேன். "என்ன வறுக்கற, வாசன வருது?" என்று இவர் கேட்டார். எள் என்றேன். ஆறவைத்து, சாம்பல் புரட்டி, பொட்டலம் கட்டினேன். உங்கள் கையில் ஒரு குற்றமும் இல்லை.

நீங்கள் ஒரு நாளாவது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்றுதான் செய்தேன். நின்றீர்கள். அதற்கு நான் வருத்தப்படவில்லை. ஆனால் வெண்மதி வயிற்றில் கை வைக்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் கலங்குவாள் என்று நான் யோசிக்கவே இல்லை, அதை நினைத்தால் எனக்கும் சோறு இறங்கவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு போய் அவள் வயிற்றில் கை வையுங்கள். அத்தைதான் விதையை வறுத்துக் கெடுத்தாள் என்று அவளிடம் உள்ளபடி சொல்லுங்கள். சம்பந்தியம்மாவிடமும் சொல்லுங்கள். வெண்மதி என்னை வெறுத்தால் வெறுக்கட்டும்.

முதல் வளையலை நீங்களே போடுங்கள். நான் வரமாட்டேன். வந்து சந்தனம் பூசி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆகிவிடும். எனக்கு எதுவும் சரியாகவில்லை.

மீதி விதையை இதோடு வைத்திருக்கிறேன். இது வறுக்காதது. என் மொட்டை மாடித் தொட்டியில் ஐந்து போட்டுப் பார்த்தேன், ஐந்தும் வந்தது. வளைகாப்புக்குக் காய்க்காது, பிள்ளை பெற்று வந்து உட்காரும்போது காய்க்கும். நீங்கள் போட்டாலும் முளைக்கும். அன்றைக்கு அந்தப் பாலிகையில் நான் போட்டிருந்தாலும் முளைத்திருக்கும்.

இளமதி

பி.கு.: புடலை விதைக்குத் தோல் தடிப்பு. ஒரு நாள் முழுக்க ஊறவைத்துப் போடுங்கள்.