தலைப்பிரசவம் கோபியில்

ஐசலின், நியூஜெர்சி
8 அக்டோபர் 2000

அன்புள்ள பிரீத்தி,

நலம். நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். ஒரு வரிகூடக் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன்.

போன வருடம் நம் வகுப்பில் மாதிரி ஜனாதிபதித் தேர்தல் வைத்தார்கள். பலகையில் என் பெயர் இருந்தது. நீ எழுந்து, "ரோஷினி இந்தியாவில் பிறந்தவள். பிறப்பிலேயே குடியுரிமை இல்லாதவர் ஜனாதிபதி ஆக முடியாது, மிஸ்" என்றாய். மிஸ் என் பெயரை அழித்தார். நீ நின்றாய், ஜெயித்தாய். நானும் கை தட்ட வேண்டியிருந்தது.

சென்ற ஞாயிறு மீனாக்ஷி ஆன்ட்டியின் வளைகாப்புக்கு உன் அம்மா ஹூஸ்டனிலிருந்து வந்திருந்தார். "இங்கயே டெலிவரி வெச்சுக்கறியா? எனக்குத் தலைப்பிரசவம்னு எங்கம்மா ஊருக்கே, கோபிக்கே வரச்சொல்லிப்போட்டாங்க. பிரீத்தியை மூணு மாசக் கொழந்தையாத்தான் ப்ளைட்ல தூக்கிட்டு வந்தேன்" என்று சிரித்தார். வளையல் அடுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

நூலகத்தில் தேடிப் படித்தேன். அமெரிக்கக் குடிமக்களுக்கு வெளிநாட்டில் பிறந்த குழந்தையும் ஜனாதிபதி ஆகலாம் என்று சில வக்கீல்கள் வாதிடுகிறார்கள். ஆனால் அப்போது உன் அப்பா, அம்மா இருவருமே வெறும் விசாவில்தான் இருந்தார்கள் என்று என் அம்மா சொன்னார். அந்த வழியும் உனக்கு இல்லை.

புதுப் பள்ளியிலும் மாதிரி ஜனாதிபதித் தேர்தலில் நிற்கிறாயாமே? உன் டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதி, தபால்தலையும் ஒட்டிவிட்டேன்.

ரோஷினி

ஹூஸ்டன்
16 அக்டோபர் 2000

அன்பு ரோஷினி,

அம்மாவிடம் கேட்டேன். "ஆமா கண்ணு, கோபி ஆஸ்பத்திரிதான். நீ கேக்கவே இல்லையே?" என்கிறார். என் தம்பி கவின், "அப்ப அக்கா ஃபாரினரா? இங்க பொறந்த நான்தான் அமெரிக்கன்!" என்று சோபாவில் ஏறிக் குதிக்கிறான்.

அன்று நீதான் ஜெயிப்பாய் என்று பயந்துதான் அப்படிச் சொன்னேன். மன்னித்துவிடு. இங்கே எனக்குத் தோழிகளே இல்லை. தேர்தலில் நின்ற பிறகுதான் நாலு பேர் என்னோடு சாப்பிட உட்காருகிறார்கள். அந்தக் கடிதத்தைப் போடாதே.

உன் பிரீத்தி

ஐசலின்
22 அக்டோபர் 2000

பிரீத்திக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு ஓக் ட்ரீ ரோடு வரை நடந்துபோய், டீச்சருக்கு எழுதியதைத் தபால் பெட்டியில் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

போன வருடம் என் பெயரை அழித்த அன்று மதியமும் நீ என் பக்கத்தில்தான் சாப்பிட்டாய். என் டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதம்கூட எடுத்துக்கொண்டாய். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

கவின் பெரியவனாகித் தேர்தலில் நின்றால் என் ஓட்டு அவனுக்குத்தான். நீயும் போடலாம், பிறகு குடியுரிமை வாங்கியவர்களுக்கும் அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இனி எனக்கு எழுத வேண்டாம். "போதும், படு கண்ணு" என்று அம்மா விளக்கை அணைக்க வந்துவிட்டார்.

ரோஷினி